பேஸ் ஏன் சரியாக வரவில்லை? அறிகுறியை வைத்துப் பழுது பிடிக்கும் வழி

மலையகத்தில் செட் வாங்கியவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: டவுன் கடையில் போட்டுக் காட்டியபோது நெஞ்சில் இடித்த பேஸ் (பாட்டின் ஆழ்ந்த, கனத்த ஒலி), வீட்டுக்கு வந்ததும் காணாமல் போய்விட்டது. உடனே பேஸ் குமிழை முழுதாகத் திருப்புகிறார்கள். அதுவும் போதாவிட்டால் 8 அங்குல ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டு 12 அங்குலம் வாங்குகிறார்கள். இரண்டும் கடைசியாகச் செய்ய வேண்டியவை. கோளாறு பெரும்பாலும் ஐந்து இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: வைத்த இடம், வயர், பொக்ஸ், கரண்ட், ஈரம். முதல் இரண்டையும் பார்க்க ஒரு சதமும் செலவில்லை. ஆகவே அங்கிருந்து தொடங்குவதே புத்தி.

கையில் இருக்க வேண்டியவை: சாதாரண மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பட்டறி ஒன்று, 20 முதல் 200 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு, குறையக் குறைய ஒலி ஆழம்) வரை ஒலி எழுப்பும் இலவச செயலி உள்ள போன், அளவு டேப், ஸ்குரூ டிரைவர், ஊதுபத்தி. எந்தச் சோதனைக்கும் முன்பு பேஸ், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் நிறுத்துங்கள். போனில் உள்ள ஈகுவலைசர், "சரவுண்ட்", "பூஸ்ட்" எல்லாவற்றையும் அணையுங்கள். அவை ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் சோதனைக்கு அர்த்தமில்லை.

பாட்டு தெளிவு, பேஸ் மட்டும் மெலிவு

முதலில் சந்தேகிக்க வேண்டியது மாறிக் கொடுத்த வயரை. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்குச் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒன்று காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் மற்றது பின்னே இழுக்கும். உயர்ந்த ஒலிகளுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. பேஸ் மட்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிக் கேட்பது இதற்கு நல்ல அடையாளம்.

சோதனை எளிது. இரண்டு பொக்ஸையும் ஒரு சாண் இடைவெளியில் முகத்துக்கு முகம் வைத்து, பேஸ் உள்ள பாட்டொன்றைக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். அம்பை (ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிஃபயரை) அணைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றிக் கொடுத்து மறுபடி கேளுங்கள். எந்த நிலையில் பேஸ் பெருகுகிறதோ அதுவே சரி. பொக்ஸைத் திறந்து கோர்த்தவர்கள் பட்டறியால் பார்க்கலாம்: அம்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரின் சிவப்பில் பட்டறியின் கூட்டல் முனையையும், கறுப்பில் கழித்தல் முனையையும் ஒரு விநாடி தொடுங்கள். கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) வெளியே வர வேண்டும். உள்ளே போனால் உட்புற வயர் மாறியிருக்கிறது. 9 வோல்ட் பட்டறியைக் கொண்டு போக வேண்டாம், சிறிய ஸ்பீக்கருக்கு அது அதிகம்.

சப் (சப்வூஃபர், பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) தனியாக இருக்கும் செட்டில் இதே கோளாறு வேறு உருவில் வரும். பின்பக்கம் 0, 180 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். வழக்கமாக உட்காரும் இடத்தில் நீங்கள் இருந்து, வேறொருவரை அந்தச் சுவிட்சை மாற்றச் சொல்லுங்கள். 80 ஹெர்ட்ஸ் ஒலி எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறதோ அங்கேயே விடுங்கள். சுவிட்ச் இல்லாத சப் என்றால், உள்ளே ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரை மாற்றினால் அதே வேலை நடக்கும்.

அடுத்தது கிராஸ்ஓவர், அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப் எடுக்க வேண்டும் என்ற வெட்டுக்கோடு. எல்லோரும் 80 என்று சொல்வார்கள். 5, 6 அங்குல ஸ்பீக்கர் உள்ள செட்டுக்கு அது பொருந்தும். 3 அங்குலச் சின்ன ஸ்பீக்கர்கள் 120, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதையும் தருவதில்லை. அவற்றோடு சப்பை 80-இல் வெட்டினால் நடுவே ஒரு பள்ளம் விழும். பேஸ் கிட்டாரின் மேல் பாதியும் தவிலின் தொப்பி (தடித்த ஒலி தரும் பக்கம்) அடியின் கனமும் அந்தப் பள்ளத்தில் போய்விடும். சப் ஓடும், நிலம் அதிரும், ஆனாலும் பாட்டு மெலிந்தே கேட்கும். 120-க்கு ஏற்றிப் பாருங்கள். அதற்கு மேலே போனால் ஆண் குரல் சப்புக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கத் தொடங்கும், அது எல்லை தாண்டியதன் அடையாளம்.

சின்ன ஸ்பீக்கருக்கு வெட்டுக்கோடே இல்லாத கோர்த்த செட்களில் அவை தங்களால் முடியாத பேஸை இழுத்துக் கரகரக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு வரிசையில் ஒரு 200 மைக்ரோஃபரட் நொன்-போலார் கப்பாசிட்டரும், 4 ஓம் என்றால் 400-உம் போட்டால், ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது படிப்படியாகக் குறையும். சாதாரணக் கூட்டல்-கழித்தல் உள்ள கப்பாசிட்டரை இதற்குப் போடக் கூடாது.

படத்தில் மட்டும் பேஸ் இல்லை, பாட்டில் இருக்கிறது என்றால் கோளாறு டீவியின் செட்டிங்கில். 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) அந்த ".1" தனிப் பாதை. டீவி அதை ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது பெரும்பாலும் அந்தப் பாதையை அப்படியே விட்டுவிடும். ஒலி வெளியீட்டை "பிட்ஸ்ட்ரீம்" என்று மாற்றி எச்டிஎம்ஐ அல்லது ஒப்டிகல் வழியாக ரிசீவருக்கு (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் அம்புக்கு) அனுப்புங்கள். ரிசீவரில் ஸ்பீக்கர் அளவை "ஸ்மோல்" என்று வையுங்கள். "லார்ஜ்" என்று வைத்தால் பேஸ் சப்புக்குப் போகாமல் சின்ன ஸ்பீக்கரிலேயே தங்கிவிடும். சொல்லைப் பார்த்து ஏமாந்து "லார்ஜ்" போடுபவர்கள் ஏராளம்.

வயரின் தடிப்பையும் பாருங்கள். 1 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் 10 மீற்றர் ஓடினால் போக வரச் சேர்த்து 0.34 ஓம். 4 ஓம் சப்புக்கு அது 8 வீதத்துக்கு மேல். 5 வீதத்துக்குள் இருப்பது நல்லது. வீட்டு வயரிங்குக்கு இழுக்கும் 7/0.67 வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், அதில் அதே தூரத்துக்கு 0.14 ஓம்தான். 1/1.13 வயர் ஒற்றைக் கம்பி, வளைத்து வளைத்து எடுத்தால் முனையில் முறியும். செம்பு பூசிய அலுமினிய வயருக்குத் தடை ஒன்றரை மடங்குக்கும் அதிகம். முனையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஆனால் 2 மீற்றர் தூரத்துக்கு விலை உயர்ந்த "ஒடியோ கேபிள்" தேடுவது வீண் செலவு.

நடுவில் இருந்தால் பேஸ் இல்லை, சுவரோரம் போனால் இடிக்கிறது

மெஷினில் பழுதே இல்லை. இது காம்பராவின் (அறையின்) கணக்கு. பெரும்பாலான முறைப்பாடுகளின் விடையும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு சுவருக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் மோதும்போது சில ஹெர்ட்ஸ்கள் மட்டும் நிலைத்து நின்றுவிடும். சுவரோரம் அவை பலத்தின் உச்சம், நடுவில் ஏறக்குறைய பூச்சியம். ஒலியின் வேகம் 15 பாகை குளிரில் விநாடிக்கு 340 மீற்றர், அதாவது ஏறக்குறைய 1115 அடி. ஆகவே 558-ஐ அறையின் நீளத்தால் (அடியில்) வகுத்தால் முதல் தொல்லை ஹெர்ட்ஸ் கிடைக்கும். 12 அடிக்கு 46, 10 அடிக்கு 56, 8 அடிக்கு 70. பழைய லயத்தின் பன்னிரண்டுக்குப் பத்து காம்பராவில் சரியாக நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் 46-உம் 56-உம் சேர்ந்து காணாமல் போகும். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பிச் சுரங்களும் கிக் டிரமின் அடித்தளமும் அந்த வட்டாரத்தில்தான். பத்துக்குப் பத்துச் சதுர அறை இன்னும் மோசம், இரண்டு பக்கமும் ஒரே ஹெர்ட்ஸில் சேர்ந்துகொள்ளும்.

கருங்கல்லில் கட்டிய பழைய லயச் சுவர்கள் பேஸை அப்படியே திருப்பி அனுப்பும், அதனால் உச்சமும் பள்ளமும் கூர்மை. தகரக் கூரையும் பலகைத் தட்டியும் பேஸை வெளியே விட்டுவிடும். உச்சம் தணியும், ஆனால் மொத்தப் பலமும் குறையும். கடையில் இடித்தது வீட்டில் இடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 550 சதுர அடியில் கட்டிய புதிய தனி வீடுகளில் முன்னறையிலிருந்து சமையலறைக்குத் திறந்த வழி இருந்தால், பேஸுக்கு அந்த இரண்டும் ஒரே அறை. கதவைச் சாத்தினால் ஒரு கணக்கு, திறந்தால் வேறு கணக்கு. எப்படி வைத்துக் கேட்பீர்களோ அப்படியே வைத்துச் சோதியுங்கள்.

முதலில் ஆசனத்தை நகர்த்துங்கள். பின் சுவரிலிருந்து நீளத்தின் 38 வீதத்தில், அதாவது 12 அடிக்கு நாலரை அடியில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் அரை அடி முன்னே பின்னே போய்ப் பாருங்கள். பிறகு சப். அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியிலேயே வைத்து, பேஸ் ஏறி இறங்கும் பாட்டொன்றைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். காது தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடத்தில் சப்பை வையுங்கள். பலமாகக் கேட்கும் இடத்தைத் தேட வேண்டாம், சமமாகக் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மூலையில் வைத்தால் பேஸ் கூடும் என்பது உண்மை. தரை, இரண்டு சுவர் என்று மூன்று பரப்பும் சேர்ந்து தள்ளும். சின்னச் சப்புக்கு அது இலவச உதவி, பெரிய சப்புக்கு அது தொல்லை. இதற்கு எதிரான கோளாறு ஒன்று முன் ஸ்பீக்கர்களில் வரும்: பின் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலி ஸ்பீக்கரின் ஒலியை ஒரு ஹெர்ட்ஸில் வெட்டும். 279-ஐ அந்தத் தூரத்தால் (அடியில்) வகுத்தால் அது எந்த ஹெர்ட்ஸ் என்று தெரியும். 3 அடி தூரம் என்றால் 93, பேஸின் நடு இதயம். அரை அடிக்குக் கொண்டு வந்தால் பள்ளம் 550-க்கு மேல் போய், பேஸ் தப்பும். சின்ன அறையில் ஸ்பீக்கரை நடுவே இழுத்து வைப்பதைவிடச் சுவரோரம் ஒட்டி வைப்பதே பெரும்பாலும் நல்லது.

பள்ளத்தை ஈகுவலைசரால் நிரப்ப முடியாது. 56 ஹெர்ட்ஸை 10 டெசிபெல் (ஒலி பலத்தின் அளவு) ஏற்றினால் அம்ப் 10 மடங்கு வலுவைக் கொட்டும், நடுவில் பூச்சியம் பூச்சியமாகவே இருக்கும். உச்சத்தை வெட்ட மட்டும் ஈகுவலைசர் உதவும். பணம் இருந்தால் பெரிய சப் ஒன்றுக்குப் பதிலாகச் சிறியது இரண்டு வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது மேல்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, அதனால்தான் பேஸ் இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. குறைவது உண்மை, ஆனால் 2 டெசிபெலுக்கும் கீழே. மலையின் மேல் பழி போட வேண்டாம்.

எல்லாப் பாட்டுக்கும் ஒரே "ம்ம்ம்"

தவிலின் தொப்பியும், தப்பும், பேஸ் கிட்டாரும் ஒரே சுருதியில் கேட்டால் பாட்டை மீறி வேறேதோ பாடுகிறது என்று பொருள். அது அறையாக இருக்கலாம், பொக்ஸாக இருக்கலாம். பிரித்தறிய, பொக்ஸை முற்றத்துக்குத் தூக்கிப் போய்ச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வைத்துக் கேளுங்கள். "ம்ம்ம்" போய்விட்டால் அறை. மேலே சொன்ன நகர்த்தல்களைச் செய்யுங்கள். முற்றத்திலும் அதே "ம்ம்ம்" என்றால் பொக்ஸ்.

துளையுள்ள பொக்ஸில் அந்தக் குழாயின் நீளமே சுருதியைத் தீர்மானிக்கிறது. அளக்கும் வழி: குறைந்த சத்தத்தில் செயலியை 100 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கி, கோனைப் பாருங்கள். ஓரிடத்தில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், துளையில் மட்டும் காற்று பலமாக வரும். அதுவே பொக்ஸின் சுருதி. வீட்டுச் சப்புக்கு அது 35 முதல் 45-க்குள் இருந்தால் நன்று. 60, 70 என்று வந்தால் குழாய் குட்டை, அல்லது உள்ளே கழன்று விழுந்து கிடக்கிறது. கடையில் கோர்த்த பொக்ஸ்களில் இரண்டும் நடக்கும். பலகைத் துளை மட்டும் இருக்கும், குழாயே இருக்காது!

உள் அளவுகளைச் சென்ரிமீற்றரில் எடுத்துப் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லீட்டர் கிடைக்கும். 40 லீட்டர் பொக்ஸ், 75 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பீவீசி பைப் என்றால், 5 சென்ரிமீற்றர் நீளத்துக்குச் சுருதி ஏறக்குறைய 55 ஹெர்ட்ஸ், 10-க்கு 46, 15-க்கு 40. பைப்பின் உள்முனைக்கும் பின் பலகைக்கும் இடையே பைப்பின் விட்டமளவாவது இடம் விடுங்கள். வெளியே சுவருக்கும் அதே கணக்கு.

குழாயில் கைவைக்க விருப்பமில்லையென்றால், சுத்தமான பழைய மேஸ் (காலுறை) இரண்டைச் சுருட்டித் துளைக்குள் செருகிப் பாருங்கள். பலம் சற்றுக் குறையும், "ம்ம்ம்" அடங்கும். சின்ன அறைக்கு இது பல நேரம் போதும்.

சத்தம் கூட்டினால் கரகர, டப் டப்

இங்கே மூன்று வேறு கோளாறுகள் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும். குறைந்த சத்தத்திலும் கரகரத்தால் ஸ்பீக்கர். கூட்டும்போது மட்டும் என்றால் அம்ப் அல்லது கரண்ட். ஆழமான அடிக்கு மட்டும் "டப்" என்றால் கோன் எல்லை தாண்டி இடிக்கிறது.

ஸ்பீக்கரைப் பார்க்க, அம்பை அணைத்து, நான்கு விரலால் கோனை நடுவிலிருந்து சம தூரத்தில் பிடித்து மெல்ல அமுக்குங்கள். உரசும் சத்தம் கேட்டால் கொயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) சாய்ந்திருக்கிறது, அல்லது காந்த இடைவெளியில் துரு. பின்பு மல்டிமீட்டர்: 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.6 வரையும், 8 ஓம் 5.5 முதல் 7 வரையும் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்தது. 4 ஓமுக்கு 2-க்குக் கீழே காட்டினால் எரிந்து ஒட்டியிருக்கிறது. அதை அம்பில் மறுபடி போடாதீர்கள், அம்பும் போகும்.

கோனைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா நுரையா என்று பாருங்கள். நுரை வளையம் இந்த ஈரத்தில் சில வருடங்களிலேயே பிசுபிசுத்து உதிரும். விரல் நுனியால் தொட்டால் மாவாக ஒட்டும். கோனும் சட்டமும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். ஸ்பீக்கரின் பெயரளவை நம்பாமல் கோனின் வெளிவிட்டத்தையும் சட்டத்தில் ஒட்டும் இடத்தின் விட்டத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பழைய பசையை ஸ்பிரிட்டால் முழுதாகத் துடைத்து, முதலில் கோனில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு சட்டத்தில் ஒட்டுங்கள். சட்டத்துப் பசை இறுகும் முன்பு 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, உரசாத இடத்துக்குக் கோனை நகர்த்துங்கள். பசைப் போத்தலில் 24 மணித்தியாலம் என்றிருந்தால் தலவாக்கலை, நானுஓயாக் குளிரில் 48 விடுங்கள். கிழிசலுக்கு வினாகிரி மணக்கும் சிலிகனைப் பூச வேண்டாம், அந்த அமிலம் கொயில் கம்பியை அரிக்கும். சின்னக் கிழிசலென்றால் பலகை ஒட்டும் வெள்ளைக் கம்மும் மெல்லிய பருத்தித் துணித் துண்டும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும்.

அம்ப் பக்கம் வந்தால், பெட்டியில் எழுதிய "பிஎம்பிஓ 3000 வொட்" என்பதை மறந்துவிடுங்கள், அது எதையும் அளப்பதில்லை. ஊரெங்கும் கோர்க்கும் எல்ஏ4440 ஐசி (அம்பின் சில்லு) இரண்டு பாதையையும் ஒன்றாக்கும் பிரிட்ஜ் முறையில் தருவது 19 வொட். அதில் 12 அங்குலச் சப்பை மாட்டிப் பேஸ் குமிழை முழுதாகத் திருப்பினால், அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். கார் அம்பை வீட்டில் ஓட்டுபவர்கள் மின்வழங்கியைப் பார்க்க வேண்டும்: 12 வோல்ட், 10 அம்பியர் என்பது உள்ளே போகும் 120 வொட்தான். ஏபி வகை அம்பில் வெளியே வருவது ஏறக்குறைய 70. அம்பின் மேல் எழுதியிருக்கும் 1000-ஐ அது ஒருநாளும் தொடாது.

ஆழ்ந்த அடிக்கு மட்டும் "டப்" என்றால், துளையுள்ள பொக்ஸின் சுருதிக்குக் கீழே உள்ள ஒலி காரணம். அங்கே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லை. "சப்சொனிக்" குமிழ் (மிக ஆழ்ந்த ஒலியை வெட்டுவது) இருந்தால் 30-இல் வையுங்கள். இல்லாவிட்டால் சத்தத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

"புஸ்" என்று காற்று, பொக்ஸ் விசில்

35 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஊதுபத்தியைப் பொக்ஸின் மூட்டுகள், ஸ்பீக்கர் விளிம்பு, பின்பக்க டெர்மினல் ஓரமாக மெல்லக் கொண்டு போங்கள். புகை துடிக்கும் இடத்தில் காற்று ஒழுகுகிறது. மூடிய பொக்ஸ் என்றால் இன்னொரு வழி: கோனை மெல்ல அமுக்கி விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் நல்லது, சட்டென்று குதித்தால் ஒழுகல்.

மூட்டுக்குப் பலகைக் கம்மும் மரத்தூளும் குழைத்து அடையுங்கள். ஸ்பீக்கர் விளிம்புக்குக் கதவில் ஒட்டும் நுரை நாடா போதும். எம்.டி.எஃப் பலகையில் ஸ்குரூத் துளை தளர்ந்திருந்தால், கம்மில் தோய்த்த தீக்குச்சியைச் செருகி உடைத்துவிட்டு, காய்ந்தபின் பூட்டுங்கள். எதிரெதிர் ஸ்குரூக்களாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

துளைக்குள் எலி கூடு கட்டுவது தோட்டப்புறத்தில் அதிசயமல்ல. வயரை அரித்து, பஞ்சை இழுத்து, காற்றுப் பாதையை அடைத்துவிடும். அகன்ற கண்ணுள்ள கம்பி வலை போடுங்கள். நெருங்கிய கொசுவலை போட்டால் அதுவே "புஸ்" என்று ஊதும்.

கூரை, ஜன்னல், சாமிப் படம் எல்லாம் சேர்ந்து அதிர்கிறது

செயலியில் 25-லிருந்து 120 வரை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், எந்த ஹெர்ட்ஸில் எது அதிர்கிறது என்று ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பாருங்கள். தகரத்துக்கு ஆணி தளர்ந்த இடத்தில் ரப்பர் வாசர் போட்ட ஸ்குரூ, ஜன்னல் கண்ணாடிக்குப் புட்டி, படச் சட்டத்தின் பின்னால் நுரைத் துண்டு, பாத்திர அலுமாரியில் கோப்பைகளுக்கு இடையே துணி. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டைத் துளைக்கவோ வெட்டவோ வேண்டாம், தூசு நுரையீரலுக்குக் கேடு. சப்பின் மேல் எதையும் வைக்காதீர்கள்.

பின்னேரமானால் பேஸ் தளர்கிறது

ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் விளக்கும் கேத்தலும் ஓடும்போது வரிக் கடைசியில் உள்ள வீடுகளுக்கு வோல்டேஜ் இறங்கும். பெயரளவு 230 வோல்ட். அது 6 வீதம் கூடலாம் அல்லது குறையலாம், அதாவது 216 முதல் 244 வரை. டிரான்ஸ்போர்மர் உள்ள அம்ப் 190 வோல்டில் தன் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை இழக்கும். காதுக்கு அந்த இழப்பு 2 டெசிபெல்கூட இல்லை. பிரச்சினை வேறு: கரகரப்பு முன்கூட்டியே வரும், ரிலே "டிக்" என்று விழும். எடை குறைந்த சுவிட்ச் மோட் வழங்கியுள்ள அம்ப்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது.

அளந்து பார்க்காமல் மின்சார சபையைக் குறை சொல்ல வேண்டாம். பிளக் பொயின்டில் மல்டிமீட்டரை வைத்துவிட்டு, கேத்தலைப் போட்டு அணைத்துப் பாருங்கள். கேத்தல் போட்டதும் 20 வோல்ட் சட்டென்று இறங்கினால் கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில்: மெல்லிய வயர், தளர்ந்த மூட்டு, ஒரே இணைப்பிலிருந்து பல காம்பராவுக்கு இழுத்த கம்பி. பேஸைவிட அது நெருப்புக்கான அறிகுறி, மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். கேத்தல் போடாமலேயே குறைவென்றால் ஸ்டெபிலைசர் உதவும், அம்பின் தேவையைப்போல் ஒன்றரை மடங்கு உள்ளதாக எடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் மந்தம்

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம். பதுளை, பண்டாரவளை பக்கம் டிசம்பர், ஜனவரியில் வடகீழ். அந்த மாதங்களில் காகிதக் கோன் ஈரம் குடித்துக் கனத்து மெதுக்கும், எம்.டி.எஃப் அடிப்பலகை ஊதும், ஆர்சிஏ முனை (ஒலி வயரின் செருகு முனை) பச்சை பூக்கும். பொக்ஸைச் சீமெந்துத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பொலித்தீனால் மூடிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும், பருத்தித் துணி போதும். வாரத்தில் சில நாளாவது ஒரு மணித்தியாலம் ஓடவிடுவது எந்த மருந்தையும்விட நல்லது. முனைகளை ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, குமிழ்களை அணைத்த நிலையில் முழுதாக இருபது தரம் திருப்புங்கள். விறகடுப்புப் புகை வரும் வீடென்றால் செட் சமையலறைச் சுவரோரம் இருக்கக் கூடாது.

நிற்காத "ங்ங்ங்"

அம்புக்குள் வரும் எல்லா வயரையும் கழற்றுங்கள். சத்தம் நின்றால் கோளாறு வெளியே. வயர்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் டிஷ் கேபிளோ கம்ப்யூட்டரோ பிடிபடும். இரண்டு வழியில் எர்த் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் சுற்றி வருகிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் பொயின்டிலிருந்து எடுங்கள். போதாவிட்டால் கேபிளுக்கு ஐசொலேட்டர். மூன்று கால் பிளக்கின் எர்த் காலை வெட்டும் "வைத்தியம்" வேண்டவே வேண்டாம். ஈரச் சுவரும் வெறுங்காலும் உள்ள வீட்டில் அது உயிர் ஆபத்து.

வயர் எதுவும் இல்லாமலும் சத்தம் நின்றபாடில்லை என்றால், உள்ளே வடிகட்டும் கப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது. அந்த "ங்ங்ங்" சற்று மேல் சுருதி, 100 ஹெர்ட்ஸ். கூடவே பேஸ் அடியில் பலம் இருக்காது. தலை உப்பிய 4700 மைக்ரோஃபரட், 50 வோல்ட் கப்பாசிட்டரை அதே கொள்ளளவில், அதே அல்லது கூடிய வோல்டில் மாற்ற வேண்டும். அணைத்த பிறகும் அதில் மின் நிற்கும். 100 ஓம், 5 வொட் ரெசிஸ்டரால் இரு முனையையும் சில விநாடி தொட்டு இறக்கி, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகே கை வையுங்கள்.

சப் இடையில் தூங்கிவிடுகிறது

"ஓட்டோ" சுவிட்ச் உள்ள சப் சிக்னல் குறைந்தால் தானே அணையும். இரவில் குறைந்த சத்தத்தில் பாட்டுப் போடுபவர்களுக்கு இது வரும். ரிசீவரில் சப் அளவை 5 டெசிபெல் ஏற்றி, சப்பின் குமிழை அதே அளவுக்கு இறக்குங்கள், அல்லது "ஓன்" நிலையில் விடுங்கள். சூடாகி நிற்கிறதென்றால் ஓம் கணக்கைப் பாருங்கள்: 4 ஓம் இரண்டைச் சமாந்தரமாகக் கொடுத்தால் 2 ஓம், பல அம்ப்கள் அதைத் தாங்காது. பியூஸ் போனால் அதே அம்பியரில் மாற்றுங்கள். சிகரெட் தாளும் செப்புக் கம்பியும் பியூஸ் அல்ல.

நமக்குக் கேட்பதைவிட அடுத்த காம்பராவுக்குக் கேட்கிறது

பொதுச் சுவர் உள்ள லயத்தில் இதற்கு முழுத் தீர்வு கிடையாது. முட்டைத் தட்டும் திரைச்சீலையும் பேஸை நிறுத்தாது. கனமும் காற்றுப் புகாத அடைப்பும்தான் நிறுத்தும். செய்யக்கூடியது: சப்பைப் பொதுச் சுவரிலிருந்து எடுத்து வெளிச்சுவர்ப் பக்கம் கொண்டு போய், உங்கள் நாற்காலிக்கு மூன்றடிக்குள் வையுங்கள். அருகில் இருப்பதால் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலும் உங்களுக்கு அதே பேஸ் கேட்கும். அடியில் இரண்டு அங்குலக் கெட்டி நுரை. இரவில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், சுவர் தாண்டி நெடுந்தூரம் போவது அதுதான்.

கடைக்குக் கொண்டு போவதென்றால்

எந்தச் சோதனையில் என்ன வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஓம் அளவு, பிளக் பொயின்ட் வோல்டேஜ், வயர் கழற்றியதும் சத்தம் நின்றதா இல்லையா. "பேஸ் இல்லை" என்று மட்டும் சொன்னால் முதலில் மாற்றப்படுவது ஐசியாகத்தான் இருக்கும். பஸ்ஸில் கொண்டு போகும்போது கோனின் மேல் கெட்டி அட்டை ஒன்றை டேப்பால் ஒட்டி, பொக்ஸை நிமிர்த்தி, காந்தப் பக்கம் இடிபடாமல் வையுங்கள். வளைவுகளில் உருண்டால் கொயில் சாய்ந்து, இல்லாத பழுது ஒன்று புதிதாகச் சேரும். திரும்பிக் கொண்டு வரும் மாதம் ஏப்ரலோ ஒக்டோபரோ என்றால், பிற்பகல் இடி முழங்கத் தொடங்கும் முன்பே பிளக்கையும் டிஷ் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.